எட்டு ஸ்க்ரூ, ஒரு காப்பு

திண்டிவனம் தொழிற்பேட்டையில் ‘வக்ரகாளி சர்ஜிகல்ஸ்’ என்ற பெயர்ப்பலகையை முதல்முறை பார்ப்பவர்கள் ஒரு நொடி நின்று, இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். முதலாளி வெங்கடாசலத்துக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மன் குலதெய்வம். அவர் அரிசி மில் வைத்திருந்தாலும் அதற்கும் இதே பெயரைத்தான் வைத்திருப்பார். வைத்தது உடைந்த எலும்பைச் சேர்க்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும், ஆபரேஷன் தியேட்டருக்கு வேண்டிய கத்தரியும் இடுக்கியும் செய்கிற பட்டறை. ஆகவே எலும்பு டாக்டர்கள் போனை எடுத்து, “வக்ரகாளியா? நாளைக்குள்ள ரெண்டு தொடை அனுப்புங்க” என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

பட்டறையில் இரண்டு ஷெட். முன்னால் ஸ்டீல் ஷெட், பின்னால் டைட்டானியம் ஷெட். நடுவில் முப்பது தப்படி தூரமும் ஒரு புங்க மரமும் ஒரு சட்டமும் இருந்தன. இரும்பு பட்ட எதுவும் பின் ஷெட்டுக்குள் வரக் கூடாது என்பதுதான் சட்டம். டைட்டானியத்தின் மேல் இரும்புத் தூசு ஒட்டினால் அந்த இடத்தில் துரு காணும். அப்படிப்பட்ட ஸ்க்ரூ ஒரு மனிதனின் எலும்புக்குள் போகக் கூடாது. அதனால் பின் ஷெட்டுக்குத் தனி விளக்குமாறு, தனிச் செருப்பு, தனி ஏப்ரன்.

கலைப்பிரியா வேலைக்குச் சேர்ந்த அன்று, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக்கூடக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார்கள். கருவறைக்குள் போவது போல இருந்தது அவளுக்கு. அன்றைக்கே அந்த உலோகத்தின் மேல் ஒரு மயக்கம் வந்துவிட்டது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. சாயம் எதுவும் சேர்க்காமல், கரைசலில் முக்கிக் கரண்டு கொடுத்தால் தானாக நிறம் காட்டும். முப்பது வோல்ட்டில் நீலம், அறுபதில் பொன்னிறம். அவளுடைய வேலை அந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்ப்பது. பார்க்கும்போதே அவை எங்கெங்கோ போய்விடும். இது மரக்காணத்தில் ஒரு மீனவரின் தோள்பட்டைக்கு, இது குயிலாப்பாளையத்தில் சைக்கிளோடு விழுந்த யாரோ ஒரு வெள்ளைக்காரியின் மணிக்கட்டுக்கு. இரண்டு வருடத்தில் அவள் மனசுக்குள் உலகத்தின் உடைந்த எலும்புகள் எல்லாம் நீலமும் பொன்னிறமுமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. முன் ஷெட்டில் என்ன நடக்கிறது என்று அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வைகாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஒரு கணவனும் மனைவியும் வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தார். மனைவியின் கையில் ஜவுளிக்கடைப் பை. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த கலைப்பிரியாதான் முதலில் கண்ணில் பட்டாள்.

“எலும்புக்குப் பிளேட்டு செய்யறது நீங்கதானா?” என்றார் அவர். பையிலிருந்து எக்ஸ்ரேயை உருவி அவள் முன்னால் நீட்டினார். “இது உங்க சரக்கா பாரு பாப்பா.”

கூடவே ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையையும் நீட்டினார். அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், மடியில் வைத்து வைத்து வேர்வையில் ஊறிப் போயிருந்தது. வக்ரகாளியின் முத்திரை மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய, எந்தச் சரக்கு என்று காட்டும் லாட் நம்பர் வெறும் வெள்ளையாக இருந்தது.

கலைப்பிரியா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு பிளேட், எட்டு ஸ்க்ரூ. தான் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் கண்டுபிடித்தது போல ஒரு சந்தோஷம் அவளுக்கு.

“எங்களுதுதாங்க ஐயா. அழகா உக்காந்திருக்கு. வலிக்குதா?”

“வலி கெடக்குது. இது இரும்பா, இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல.”

“இரும்புன்னா இரும்புன்னே சொல்லிடும்மா,” என்றாள் மனைவி. “இவரு நெருப்பு மிதிக்காம ஊட்லயே கெடக்கட்டும்.”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் பெயர் சுப்பராயலு, மனைவி பொன்னி. முகையூருக்கு அந்தப் பக்கம் ஊர்; சொந்தத்தில் மூன்று ஏக்கர். ஒன்பது மாதம் முன்னால் வண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையை வைத்துக்கொண்டு ஹைவேஸைக் குறுக்கே கடந்தபோது ஒரு கார் தட்டிவிட்டுப் போய்விட்டது. ரோட்டில் மல்லாட்டைக்கு நடுவில் கிடந்தபடியே ஊர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்: எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன். எழுந்து நடந்தும்விட்டார். இந்த வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. காப்புக் கட்டினால்தான் தீயில் இறங்க முடியும். ஆனால் அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டியவர் உடம்பில் இரும்பு படக் கூடாது. அரைஞாணில் சாவி கூடாது, மடியில் கத்தி கூடாது, பெண்களுக்கு ஹேர்பின் கூடாது.

“விழாக் கமிட்டித் தலைவரு பெரியசாமி இன்னா சொல்றாரு தெரியுமா? வெளிய இருக்கிற சாவியே ஆவாது, உள்ள ஒரு முழம் இரும்ப வெச்சிக்கினு எப்டிடா காப்புக் கட்டறதுங்கறாரு.”

“அதனால இவரு இன்னா பண்ணாரு கேளு,” என்றாள் பொன்னி. “வெச்ச டாக்டரு ஒன்றரை வருஷம் தொடாதேன்னு சொல்லிட்டாரு. நல்லா நட, மாடு ஓட்டு, ஏர் ஓட்டு, கழட்ட மட்டும் இப்ப கூடாது, எலும்பு முழுசா கெட்டிப்படலன்னாரு. இவரு வேற ஒருத்தரப் புடிச்சு, வியாழக்கிழமை கழட்டறதுக்கு நாள் வாங்கிக்கினு வந்து நிக்கிறாரு.”

“பிளேட்டக் கழட்டினா காலு ஒடிஞ்சாலும் ஒடியும். கழட்டலன்னா வேண்டுதல் ஒடியும். நான் இன்னா பண்ண?” என்றார் சுப்பராயலு. அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு எக்ஸ்ரேயைத் திருப்பி வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கலைப்பிரியாவுக்கு மனம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? இதற்கா ஒரு மனிதன் காலை அறுத்துக்கொள்ளப் போகிறான்?

“இதுல இரும்பே இல்லைங்க ஐயா. இது டைட்டானியம். ஏரோப்ளேன் செய்யற சாமான். இரும்பு பக்கத்துல வந்தாலே நாங்க உள்ள விட மாட்டோம். பாருங்க, நானே ஊக்கு இல்லாமத்தான் வேலை செய்யறேன்.”

சுப்பராயலு அவள் துப்பட்டாவைப் பார்த்தார். நூலால் தைத்திருந்தது. அவருக்குப் பெரிய ஆதாரமாக அது பட்டிருக்க வேண்டும்.

பொன்னி மட்டும் விடவில்லை. “ஏரோப்ளேனோ எதுவோ, நெருப்புல எறங்கினா உள்ள காயாதா? தோசைக் கல்லாட்டம்?”

ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவின் சகாயராஜ் அப்போதுதான் டம்ளர் கழுவ வந்தார். காய்வது என்ற சொல் காதில் விழுந்தால் அவரால் சும்மா போக முடியாது. “இதுக்கு ஏன் வாய்ப்பேச்சு? டெஸ்ட் பண்ணிட்டாப் போச்சு,” என்றார். அரை மணி நேரத்தில் பஜாரிலிருந்து ஒரு ஆட்டுக்கால் வந்தது. கழித்துப் போட்ட டைட்டானியம் பிளேட் ஒன்றை அதன் எலும்பில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, உலைக்கு வைக்கிற வெப்பமானி வயரை உள்ளே சொருகி, தகரத் தட்டில் கரியைக் கொட்டிக் கங்காக்கி, ஆட்டுக்காலைப் பத்து தப்படி நடக்க வைத்தார்கள். சகாயராஜ் அதற்குச் சத்தமே போடாமல் வாயசைத்து, தீமிதியில் போடும் கோவிந்தா வேறு போட்டார்.

“கிண்டலா?” என்றாள் பொன்னி.

“சேச்சே. ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பூசைக்குப் போறவன்க்கா நான். ஆட்டுக்கு வேண்டுதல் இருந்தா கூட வர்றது மரியாதை.”

குளம்பு கருகியது. மயிர் பொசுங்கி நாறியது. வெப்பமானியில் கால் டிகிரிகூட ஏறவில்லை. “பத்து செகண்டுல தோலத் தாண்டி உள்ள போக சூட்டுக்கு நேரம் ஏது?” என்றார் சகாயராஜ். பொன்னி அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “சரி, கால அலம்பி வெயுங்க, கொழம்புக்கு ஆவும்,” என்றாள்.

கமிட்டிக்குக் காட்ட ஒரு கடிதம் கேட்டார் சுப்பராயலு. கலைப்பிரியா கம்பெனித் தாளில் தானே எழுதினாள். ‘சுப்பராயலு அவர்களின் இடது காலில் உள்ள பிளேட்டும் எட்டு ஸ்க்ரூக்களும் டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆனவை, இவற்றில் இரும்பு இல்லை.’ கீழே கையெழுத்து, பக்கத்தில் வக்ரகாளி முத்திரை. சுப்பராயலு முத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே நின்று அந்த டாக்டருக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுவதும் கலைப்பிரியாவின் கால் தரையில் படவில்லை.

தரையில் பட்டது வியாழக்கிழமை மத்தியானம்.

கம்பெனியிலிருந்து எந்தக் கடிதம் வெளியே போனாலும் ஒரு பதிவேட்டில் எழுதி, எந்த லாட் என்று நம்பர் போட வேண்டும். ஸ்டிக்கரில் நம்பர் அழிந்துபோனதால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். காலிக் கட்டம் அவளுக்குப் பல்லிடுக்கில் சிக்கிய பாக்கு மாதிரி. விழுப்புரத்தில் அவருக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் மலர்விழி சிஸ்டர் தெரிந்தவர். அவரிடம் கேட்டாள். நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

லாட் நம்பர் ‘எஸ்’ என்று ஆரம்பித்தது. டைட்டானியத்துக்கு ‘டி’. ‘எஸ்’ என்றால் ஸ்டீல்.

அவள் போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எழுத்து மாறவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக முன் ஷெட்டுக்குப் போனாள். அங்கே அலமாரி அலமாரியாக அதே பிளேட், அதே எட்டு ஓட்டை. நிறம் மட்டும் சாம்பல். கம்பெனி அனுப்புகிற சரக்கில் முக்கால்வாசி இங்கேயிருந்துதான் போகிறது என்று அங்கிருந்தவர் சொன்னார். “இது விலை கம்மிம்மா. ஊர்ப்பட்ட காலுக்கு இதான் போவுது.” ஸ்டீல் என்றாலும் உடம்புக்கென்றே உருக்குவது, துருப்பிடிக்காதது, ஒரு குறையும் சொல்ல முடியாதது. ஆனால் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் இரும்பு.

மறுபடியும் ஒரு ஆட்டுக்கால் வாங்கி, ஸ்டீல் பிளேட்டை வைத்துக் கங்கில் நடக்க வைத்தார்கள். அரை டிகிரி தாண்டவில்லை. சூட்டைப் பற்றிச் சொன்னது அப்படியே நின்றது. பொய்யானது இரும்பைப் பற்றி எழுதியதுதான்.

வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடும்மா கலை. அந்த ஸ்டீல்ல காந்தம்கூட ஒட்டாது. யாருக்குத் தெரியப்போவுது? காலு பத்திரமா இருக்குது, வேண்டுதலும் நடக்குது. நீ போயி உண்மையச் சொல்லி, அந்தாளு மறுபடியும் கழட்டறேன்னு கெளம்பினா?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பேஜாரு. அன்று காலையில்தான் அவள் நாற்பது ஸ்க்ரூக்களைக் கழித்துப் போட்டிருந்தாள். மயிரிழை கீறல், எலும்புக்குள் போனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதால்தானே அவளுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், அங்கிருந்து முகையூர் போகும் டவுன் பஸ். ஜன்னலில் கரும்பும் சவுக்கும் ஓடின. என்ன சொல்வது என்று ஏழெட்டு விதமாகப் பேசிப் பார்த்தாள். ஒரு விதத்தில் சுப்பராயலு அவளை மன்னித்தார். இன்னொன்றில் மொத்த ஊரும் அவளைக் கரும்புக் கொல்லைக்குள் துரத்தியது. கற்பனை ஓடுகிற ஓட்டத்தில் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப்போய், அரை கிலோமீட்டர் திரும்பி நடந்தாள்.

சுப்பராயலு வீட்டு வாசலில் மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அட, காப்புக் கட்டறத பாக்க வந்தியா பாப்பா? பொன்னி, யாரு வந்திருக்கா பாரு.”

தயார் செய்த ஏழெட்டு விதமும் பறந்துவிட்டன. “ஐயா, நான் எழுதினது தப்பு. உங்க கால்ல இருக்கிறது டைட்டானியம் இல்ல. ஸ்டீல். அதுல இரும்பு இருக்குது.”

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். துவட்டிய இடத்தையே திரும்பத் துவட்டினார்.

“அன்னிக்கு அவ்ளோ அடிச்சுச் சொன்னியே.”

“நம்பர் பாக்காம சொல்லிட்டேங்க. எனக்கு அந்த ஒரு ஷெட்தான் தெரியும். எல்லாம் அதுதான்னு நெனச்சிட்டேன்.”

பொன்னி கேப்பைக் கூழ்ச் சொம்போடு வெளியே வந்தவள், சொம்பைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமையன்று ‘இவரு ஊட்லயே கெடக்கட்டும்’ என்றவள், இப்போது கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். “இந்தாம்மா. வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லைங்க.”

“அப்ப சொல்லாத. எங்க அண்ணன், தங்கச்சி, சம்பந்தி, அம்பது பேருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். மாவு அரைச்சாச்சு. நீ கூழு குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பு.”

“சூடு ஏறாதுங்க அம்மா, அத ஸ்டீல் வெச்சே பாத்துட்டோம். அதுக்கு நான் பொறுப்பு. டாக்டரும் நடக்கலாம்னுதான் சொல்லியிருக்காரு. இரும்பு விஷயம் மட்டும்தான்...”

“அதான் சொல்றேன். காலு காயாது. காயிதம் இருக்குது. உள்ள இருக்கிறத எவன் தோண்டிப் பாக்கப் போறான்?”

சுப்பராயலு வேட்டி மடிப்பிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்துப் பார்த்தார். “பொன்னி, மத்த எடத்துல எப்டியோ போவட்டும். பொய்யச் சொல்லிட்டு நெருப்புல எறங்கச் சொல்றியா என்ன? நீ எறங்குவியா?” அவர் செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, காலைச் சாய்த்துச் சாய்த்துக் கோயிலை நோக்கி நடந்தார். கலைப்பிரியா பின்னால் ஓடினாள். “கழட்ட மட்டும் கழட்டாதீங்க ஐயா. அடுத்த வருஷம்கூட...” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை நாள் கொடுத்த டாக்டரின் நம்பர் இன்னும் அவர் போனில் இருக்கிறது என்பது மட்டும்தான் அவள் நினைவில் ஓடியது.

கோயில் வாசலில் பந்தல். மஞ்சள் வேட்டியிலும் மஞ்சள் புடவையிலும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெரியசாமி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் கயிறுகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். சுப்பராயலு வரிசையில் நிற்காமல் நேரே போய்க் கடிதத்தைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இந்தக் காயிதம் ஆவாது மாமா. கால்ல இருக்கிறது இரும்புதானாம். அந்தப் பொண்ணே வந்து சொல்லிச்சு.”

பெரியசாமி கலைப்பிரியாவை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எழுதினதா இது? எழுதும்போது டைட்டானியம், இப்ப இரும்பா ஆயிப்போச்சா?”

கூட்டம் சிரித்தது. “எப்பவும் ஸ்டீல்தாங்க. நான்தான் பாக்காம எழுதிட்டேன்.”

“ஸ்டீலும் இரும்பும் ஒண்ணா?”

“நூத்துக்கு அறுபத்தி அஞ்சு இரும்பு. மீதி குரோமியம், நிக்கல், கொஞ்சம் மாலிப்டினம்.”

“குரோமியத்தையும் நிக்கலையும் அம்மன் ஒண்ணும் சொல்லல. அறுபத்தி அஞ்சுதான் இடிக்குது.” பெரியசாமி கயிற்றை எடுத்த இடத்திலேயே வைத்தார். “சுப்பராயலு, நீயா வந்து சொன்ன பாரு, அது பெருசு. ஆனா கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். அடுத்த வருஷம் கழட்டிட்டு வா.”

“அடுத்த வருஷம் வரைக்கும் வேண்டுதல் கடனோட எப்டித் தூங்கறது? நாளைக்கே கழட்டிக்கினு வந்தா?”

“நாளைக்குன்னா... காப்பு நாள் இன்னிக்குடா.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா கட்டுவியா?”

“வேணாங்க ஐயா,” என்று கலைப்பிரியா முன்னால் வந்தாள். அந்தக் கணத்தில்தான் வரிசையின் நடுவிலிருந்து டெம்போ ஓட்டும் பூவரசன் தொண்டையைக் கனைத்தார். “மாமா. அப்ப என் தோளு?”

“உன் தோளுக்கு இன்னா?”

“அஞ்சு ஸ்க்ரூ கெடக்குதே. டோல்கேட்டாண்ட வுழுந்தேனே, அப்ப போட்டது. போன வருஷமும் மிதிச்சேன்.”

“ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கலியே. இவரு நொண்டிக்கினு வந்தாரு, கேட்ட. எனக்குச் சட்டைக்குள்ள இருக்குது.”

வரிசை கலகலத்தது. ஒருத்தர் தன் முழங்கையைத் தூக்கிக் காட்டினார், உள்ளே கம்பி. ஒரு அக்கா, தன் மாமியாருக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது என்றும், அவரும் கூட்டத்தில் நிற்கிறார் என்றும் காட்டிக்கொடுத்தாள். மாமியார், “நீ மட்டும் பல்லுக்குத் தொப்பி போட்டிருக்கியே, அது இன்னா வெல்லமா?” என்று திருப்பிக் கேட்டார். ஹைவேஸ் பக்கத்து ஊர் அது. வண்டிகளும் வேகமும் வந்த நாளிலிருந்து, ரோடு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொஞ்சம் உலோகத்தை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கலைப்பிரியாவுக்கு ஒரு கணம் பந்தலே பெரிய எக்ஸ்ரேயாகத் தெரிந்தது: மஞ்சள் துணிகள் மறைந்து, தோளிலும் தொடையிலும் முட்டியிலும் வெள்ளை வெள்ளையாய் மின்னும் பிளேட்டுகளோடு ஒரு ஊர் வரிசையில் நின்றது. அதில் நீலமோ பொன்னிறமோ கிடையாது. எல்லாம் ஊர்ப்பட்ட சாம்பல் நிறம்தான். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

“சும்மா இருங்கய்யா,” என்று பெரியசாமி கையமர்த்தினார்.

“நீங்க ஏன் சும்மா இருக்கீங்க?” பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அவருடைய மனைவி. “நெஞ்சுல வெச்சிருக்கிறதயும் சொல்லிடுங்களேன்.”

பெரியசாமி தாம்பாளத்தைப் பார்த்தார். “அது சின்னதுடி. பேனா ஸ்பிரிங்கு மாதிரி.”

“சின்னதா இருந்தா இரும்பு இல்லியா?”

மூன்று வருடம் முன்னால் பாண்டிச்சேரியில் இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தது ஊருக்கே தெரியும். அது உலோகம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்குமே இப்போதுதான் தோன்றியது போலிருந்தது. கலைப்பிரியாவைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார்.

“ஏம்மா. நெஞ்சுல வெக்கிறது இரும்புலயா செய்வாங்க?”

அவளுக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. இந்தக் காலத்தில் பெரும்பாலும் இரும்பு இல்லாத கோபால்ட் குரோமியம்தான். சொல்லிவிட்டால் அவர் முகம் தெளியும். திங்கட்கிழமையாக இருந்திருந்தால் ஏரோப்ளேன் கதையோடு சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

“ரெண்டு மூணு விதம் இருக்குதுங்க. ஸ்டீல்லயும் உண்டு. உங்களுது எதுன்னு கார்டு பாக்காம சொல்ல மாட்டேன்.”

“குத்துமதிப்பா சொல்லேன்.”

“குத்துமதிப்பா சொல்லித்தாங்க இங்க வந்து நிக்கிறேன்.”

“கார்டு வூட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே போயிடுச்சு,” என்றாள் மனைவி.

பெரியசாமி நெஞ்சைத் தடவினார். இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியவா போகிறது? அப்போது பொன்னி வந்து சேர்ந்தாள். ஓடிவந்த மூச்சிலேயே ஆரம்பித்தாள்.

“மூணு வருஷமா நீங்கதான மொதல்ல எறங்கறீங்க? மூணு வருஷமும் மழை பெஞ்சுது, ஏரி ரொம்பிச்சு. உங்களக் கண்டுக்காத அம்மன், எங்க ஊட்டுக்காரர மட்டும் ஸ்கேன் எடுத்துப் பாக்குமா? இவரு வந்து சொன்னாரு. நீங்க யாராவது சொன்னீங்களா?”

பெரியசாமி தாம்பாளத்தை ஒருபக்கம் நகர்த்தினார். பிறகு கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் கலைப்பிரியாவிடம் கொடுத்தார்.

“சாவியக் கழட்டு, கத்திய வெய், ஊக்க எடு. அவனவன் கையால கழட்ட முடிஞ்சத கழட்டணும். கட்டுப்பாடு அவ்ளோதான். அதுக்கு மேல இருக்கிறது ஒடம்பு.”

“அவரு கால்ல இருக்கிறதயும் கழட்டலாமே, டாக்டரு நாளு குடுத்தாரே,” என்றார் வரிசையில் யாரோ ஒரு சட்டம் தெரிந்தவர்.

“கழட்டறது எதால? கத்தியாலதான? அந்தக் கத்தி இன்னா வாழைத்தண்டா? போடா.” பெரியசாமி கயிற்றை எடுத்தார். “சுப்பராயலு, கைய நீட்டு.”

சுப்பராயலு வலது கையை நீட்டினார். கயிறு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சானது. அவர் அழுதுவிடுவார் என்று கலைப்பிரியா நினைத்தாள். அவர் மடியிலிருந்து போனை எடுத்து, ஒரு நம்பரைத் தேடி, அழித்துவிட்டு வைத்தார். வரிசை முழுவதும் முடிந்தபிறகு பெரியசாமி தன் கையை மனைவியிடம் நீட்டினார். ஒரு வினாடி தயங்கித்தான் நீட்டினார்.

அன்று அவள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. கூழும் குடித்தாள். வீடு வீடாக எக்ஸ்ரே கவர்களும் அட்டைகளும் வந்துகொண்டே இருந்தன. அழியாத நம்பர் இருந்தவர்களிடம் மட்டும் அதைக் குறித்து வாங்கிக்கொண்டாள். மற்றவர்களுக்குத் தெரியாது என்று சொன்னாள். அந்த வார்த்தை ஐந்தாறு முறை சொன்னபிறகு வாய்க்குப் பழகிவிட்டது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவளும் சகாயராஜும் போனார்கள். தீக்குழி செக்கச்செவேல் என்று கிடந்தது. அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழி. பெரியசாமி நெஞ்சைப் பிடிக்காமல் முதலில் இறங்கி ஏறினார். பூவரசன் ஓட்டமாகப் போனார். சுப்பராயலு இறங்கியபோது கலைப்பிரியாவுக்கு ஒன்று உறைத்தது. ஆட்டுக்கால் நொண்டவில்லை. இவர் நொண்டுவார், இடது கால் கங்கில் கூடுதல் நேரம் நிற்கும். அதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

“அண்ணே,” என்று சகாயராஜின் கையைப் பிடித்தாள். அவரும் வாயசைப்பதை நிறுத்தியிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. சாய்த்து வைத்து, சாய்த்து வைத்து, ஒரு அவசரமும் இல்லாமல், வயலில் வரப்பு தாண்டுவது போல நடந்தார். ஒன்பதாவது தப்படியில் பால் குழிக்குள் கால் வைத்தார். பொன்னி கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய்க் குனிந்து அவர் முழங்காலுக்குக் கீழே கையை வைத்தாள்.

“காயுதா?”

“இல்ல.”

“உள்ள?”

“உள்ளயும் இல்ல.”

“அப்பறம் ஏன் அப்டியே நிக்கிறீங்க?”

“பாலு ஜில்லுனு இருக்குது பொன்னி. ஒரு நிமிஷம் நிக்கிறேனே.”

“யோவ்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது, “ஜல்தி நவுருய்யா, நெருப்புல ஆளு வந்துக்கினு இருக்குது.”